எழுத்தைச் சுருக்குவதா, பலூனை விரிப்பதா?

பவர்பாயிண்டில் ஒரு பேச்சுப் பலூனை வரைந்து அதற்குள் எழுதத் தொடங்கும் ஆசிரியர் ஒருவர், எழுத்து பலூனை விட்டு வழிவதைக் கண்டு அந்த வடிவத்தின் அமைப்புகளைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே மூன்று தெரிவுகள் அவருக்காகக் காத்திருக்கும். எதையும் மாற்றாமல் அப்படியே விடலாம். வழியும் எழுத்தின் அளவைச் சுருக்கலாம். எழுத்துக்கு ஏற்ப வடிவத்தை விரிக்கலாம். பார்வைக்கு இது ஓர் அற்பமான தொழில்நுட்பத் தெரிவு. ஆனால், பல மொழிகளில் பாடம் தயாரிக்கும் ஒரு நாட்டில் இதைவிடத் தெளிவான மொழிக்கொள்கைக் கேள்வியைக் காண்பது அரிது. மொழிக்காக வடிவம் மாறவேண்டுமா, வடிவத்துக்காக மொழி குறுகவேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

கல்வித்துறையின் மின்பாடங்கள், படக்கதைகள், செயல்விளக்க அசைபடங்கள் ஆகியவற்றில் பேச்சுப் பலூன் இன்று எங்கும் நிறைந்திருக்கிறது. அறிவியல் பாடத்தில் இரு மாணவர்கள் உரையாடுகிறார்கள். சுகாதாரப் பாடத்தில் செவிலியர் அறிவுரை கூறுகிறார். வங்கிப் பயிற்சியில் வாடிக்கையாளர் ஐயம் கேட்கிறார். இவற்றுள் மிகப் பல முதலில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்டு, அந்த மொழிக்குப் போதுமான அளவில் பலூன்கள் வரையப்பட்டு, அதன்பின் பிற மொழிகளுக்குப் பெயர்க்கப்படுகின்றன. பலூனின் அளவு முதல் மொழியிலேயே முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் மொழிகள் வேறொருவர் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் புகவேண்டியிருக்கிறது.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள, பலூன் செய்யும் மொழியியல் வேலையை முதலில் பார்க்கவேண்டும். தமிழ் உரைநடையில் ஒருவர் கூற்றை எடுத்துரைக்க 'என்று' என்னும் சொல்லும், அதைத் தொடரும் வினையும் தேவைப்படுகின்றன. 'நாளை வருகிறேன் என்றாள்' என்பதில் கூற்று எங்கே முடிகிறது, அதைக் கூறியவர் யார் என்ற இரண்டையும் 'என்றாள்' காட்டிவிடுகிறது. படக்கதையில் இந்த வேலையைப் பலூன் மேற்கொள்கிறது. அதன் விளிம்பு கூற்றின் எல்லையைக் காட்டுகிறது. அதன் வால் பேசுபவரைச் சுட்டுகிறது. முகில்போன்ற விளிம்பு வந்தால் 'என்று நினைத்தாள்'. முள்முள்ளான விளிம்பு வந்தால் 'என்று கத்தினாள்'. புள்ளிக்கோடு வந்தால் 'என்று கிசுகிசுத்தாள்'. காட்சிமொழி ஆய்வாளர் நீல் கோன், எழுத்தைத் தாங்கும் வடிவம், அதன் வால், வால் சென்று தொடும் மூலம் என்று இவற்றைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து ஆராய்ந்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது. பலூனை அலங்காரமாகக் கருதுவது தவறு. அது இலக்கண உறுப்பு.

உரைநடையின் 'என்றாள்' என்பதற்கும் பலூனின் வாலுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. உரைநடையில் எழுதுபவர் 'என்றான்', 'என்றாள்', 'என்றார்' ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். பேசுபவர் மரியாதைக்குரியவரா இல்லையா என்ற முடிவு அந்த விகுதியில் பதிந்துவிடுகிறது. பலூனின் வாலுக்கு விகுதி இல்லை. அது பாட்டியையும் பேத்தியையும் ஒரேமாதிரிதான் சுட்டும். எனவே, படக்கதையில் மரியாதை என்பது முழுக்க முழுக்கப் பலூனுக்குள் இருக்கும் சொற்களின் பொறுப்பாகிறது. அந்தச் சொற்களில் கைவைத்தால் ஈடுசெய்ய வேறு இடம் கிடையாது.

பலூனின் அளவு மாறாமல் இருக்கும்போது கைவைக்கப்படுவது அந்தச் சொற்களில்தான். ஆங்கிலத்தில் 'டெல் மீ' என்ற இரு சிறு சொற்களுக்கு வரையப்பட்ட பலூனைக் கருதலாம். ஒரு மாணவி முதிய உழவர் ஒருவரிடம் பேசும் காட்சி அது. தமிழில் அங்கே 'சொல்லுங்கள்' என்று வரவேண்டும். இடம் போதாதபோது கிடைக்கும் குறுக்குவழி 'சொல்'. பொருள் மாறவில்லை என்று திட்டத்தின் சரிபார்ப்புப் பட்டியல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த மாணவி இப்போது ஒரு பெரியவரை ஏவுகிறாள். இன்னொரு வகையும் உண்டு. 'நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?' என்ற தொடரை 'ஏன் சொல்லவில்லை?' என்று குறைக்கலாம். தமிழ் அதற்கு இடம்கொடுக்கிறது. ஆயினும், 'சொல்லவில்லை' என்ற எதிர்மறை வினைமுற்று இடமோ எண்ணோ பாலோ காட்டுவதில்லை. அத்தொடரில் மரியாதையைத் தாங்கியிருந்த ஒரே சொல் 'நீங்கள்'. அது போனதும் மரியாதை மீறப்படுவதில்லை, காணாமல் போகிறது. முதலாவது வகையைப் படிப்பவர் உடனே உணர்வார். இரண்டாவதை உணரமாட்டார், பாடம் ஏனோ வறண்டிருப்பதாக மட்டும் அவருக்குத் தோன்றும்.

இது தமிழுக்கு மட்டும் நேர்வதன்று. இந்தியில் 'கஹியே', 'கஹோ', 'கஹ்' என்ற மூன்று ஏவல் வடிவங்களும் முறையே 'ஆப்', 'தும்', 'தூ' என்ற மூன்று முன்னிலைகளோடு இணைந்தவை. அவற்றுள் மிகச் சிறியதே மரியாதையில் மிகத் தாழ்ந்தது. இந்திய மொழிகள் பலவற்றில் மரியாதை கூடக்கூடச் சொல் நீள்கிறது. ஆகவே இடநெருக்கடி நடுநிலையானதாக இருக்க முடியாது. அது ஒவ்வொரு முறையும் ஒரே திசையில், மரியாதை குறையும் திசையில்தான் தள்ளுகிறது.

அடுத்தது சொல்லின் நீளம். 'கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது' என்ற ஒரே சொல்லில் 16 எழுத்துகள் உள்ளன. இதற்கு ஈடான ஆங்கிலத் தொடர் மூன்று சொற்களாலானது; அதை இரண்டு இடங்களில் மடக்கலாம். தமிழ்ச் சொல்லை நடுவில் உடைக்காமல் மடக்க வழியில்லை. செய்தித்தாள்களின் குறுகிய பத்திகளில் சொற்கள் எந்த எழுத்திலும் உடைவது நமக்குப் பழகிப்போயிருக்கலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகும் குழந்தைக்கு அது தடை. இந்த இடத்தில் பலூனின் வடிவக்கணிதமும் குறுக்கிடுகிறது. நீள்வட்டத்துக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய செவ்வகம் அதன் பரப்பில் ஏறத்தாழ 64 விழுக்காடுதான். எஞ்சிய 36 விழுக்காடு ஓரங்களில் வெற்றிடமாக நிற்கும். ஆங்கிலம் தன் சிறு சொற்களைக்கொண்டு மேல்வரியைச் சிறிதாகவும் நடுவரிகளைப் பெரிதாகவும் கீழ்வரியை மீண்டும் சிறிதாகவும் அடுக்கி, அந்த ஓரங்களையும் ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும். நீண்ட சொற்களைக் கொண்ட தமிழ்ப் பத்தி பெரும்பாலும் செவ்வகமாகவே அமையும். நீள்வட்டத்தின் மேல்வரியில் ஒரு நீண்ட தமிழ்ச் சொல் அடங்குவதில்லை. மூலைகள் வளைந்த செவ்வகமே அதற்குப் பொருந்தும். அதாவது, பலூனின் அளவு மட்டுமன்றி அதன் உருவமும் மொழியைப் பொறுத்தது.

உயரமும் அப்படியே. ஆங்கிலப் படக்கதைகளில் பலூனுக்குள் பெரும்பாலும் பெரிய எழுத்துகளே இடம்பெறும். அவற்றுக்குக் கீழ்நீளும் பகுதிகள் அநேகமாக இல்லாததால் வரிகளை நெருக்கமாக அடுக்கலாம். தமிழில் மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகர ஊகாரக் குறிகளும் வரும். தேவநாகரியில் மேல்கோட்டுக்கு மேலும் எழுத்துக்குக் கீழும் குறிகள் ஏறும். உருதுவின் நஸ்தலீக் எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் வலமேலிருந்து இடக்கீழாகச் சரிந்து இறங்குவதால், அதற்கு வரியிடைவெளி இன்னும் கூடுதலாக வேண்டும். உருது வலமிருந்து இடமாக வாசிக்கப்படுவது. ஆகவே ஒரே காட்சியில் இருவர் பேசினால் எந்தப் பலூன் முதலில் வாசிக்கப்படும் என்பதே தலைகீழாகிறது. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகள் பத்துக்கும் மேற்பட்ட எழுத்துமுறைகளில் எழுதப்படுகின்றன. ஒரு மொழியின் அளவில் வரைந்த பலூன் அவை அனைத்துக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

இனி, பலூன் எப்படிச் செய்யப்படுகிறது என்ற கேள்விக்கு வரலாம். பல்லூடக உருவாக்க மென்பொருள்களில் அதற்கு நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, பலூனையும் எழுத்தையும் ஒன்றாகப் படமாக்கிவிடுவது. அப்போது எழுத்து வெறும் புள்ளிகளின் தொகுப்பாகிறது. ஒரு பிழையைத் திருத்தவேண்டுமானால் படத்தையே மீண்டும் செய்யவேண்டும். இரண்டாம் வழி, ஆயத்தமாகக் கிடைக்கும் வெக்டர் பலூனை இழுத்துப் பெரிதாக்குவது. வெக்டர் என்பது கோடுகளையும் வளைவுகளையும் கணக்காகச் சேமிக்கும் முறையாதலால், எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சிதறாது. ஆயினும், முழு வடிவத்தையும் ஒரு பக்கமாக இழுக்கும்போது மூலைகளின் வளைவு நசுங்கும். பல மென்பொருள்களில் விளிம்புக்கோடும் கூடவே தடிக்கும். வாலும் நீண்டு, பேசுபவரின் வாயை விட்டு விலகிப்போகும். மூன்றாம் வழி, வடிவத்தை இழுக்காமல் அதன் முனைப்புள்ளிகளை மட்டும் நகர்த்துவது. வலப்பக்க முனைகள் சற்று வலப்புறம் செல்கின்றன. கீழ்ப்பக்க முனைகள் சற்றுக் கீழே இறங்குகின்றன. வாலின் நுனி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கிறது. மூலைகள் நசுங்குவதில்லை, கோடு தடிப்பதில்லை, பேசுபவரும் மாறுவதில்லை. பவர்பாயிண்டின் பலூன்களில் வாலின் நுனியைத் தனியே நகர்த்த உதவும் மஞ்சள் கைப்பிடி இந்த மூன்றாம் வழியின் எளிய வடிவமே.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. மேக்ரோமீடியா நிறுவனத்தின் டைரக்டர் மென்பொருள், 1990களின் இறுதியில் தன் 7ஆம் பதிப்பில் வெக்டர் வடிவம் என்ற உறுப்பைச் சேர்த்தது. அவ்வடிவத்தின் முனைகள் ஒரு பட்டியலாகச் சேமிக்கப்பட்டன. லிங்கோ என்ற அதன் நிரல்மொழியில் ஒரு முனையைச் சேர்க்கவும் நகர்த்தவும் நீக்கவும் கட்டளைகள் இருந்தன. எழுத்தோ தனியான வேறோர் உறுப்பு. அதாவது, வடிவம் வேறு, எழுத்து வேறு என்ற பாகுபாடு அந்த மென்பொருளின் கட்டமைப்பிலேயே இருந்தது. எழுத்தின் உயரத்தை அளந்து, அதற்கேற்ப நான்கு முனைகளை நகர்த்தி, வால்நுனியைப் பாத்திரத்தின் வாயருகே நிறுத்த ஒரு சிறு நிரல் போதும். டைரக்டரின் விற்பனை 2017இல் நிறுத்தப்பட்டது; ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. அவற்றில் அடங்கியிருந்த கொள்கை வழக்கொழியவில்லை. 2001இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையான எஸ்விஜி வடிவமும் அதே பாகுபாட்டைப் பின்பற்றுகிறது: பலூன் ஒரு பாதை, எழுத்து எழுத்தாகவே இருக்கும்.

அப்படியானால் எழுத்தைப் படமாக்கும் பழக்கம் ஏன் வேரூன்றியது? இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. டைரக்டரில் ஒருங்குறி ஆதரவு 2008இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. ஃபிளாஷ் பிளேயரிலும் இந்திய எழுத்துமுறைகளைச் சரிவரக் கோத்துக் காட்டும் புதிய எழுத்துப்பொறி அதே ஆண்டில் வெளிவந்த 10ஆம் பதிப்பில்தான் இடம்பெற்றது. அதற்கு முன் தமிழில் வேலை செய்தவர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத தனித்தனிக் குறியேற்ற எழுத்துருக்களை நம்பியிருந்தார்கள். ஒரு கணினியில் 'கொடி' என்று தெரிந்தது இன்னொரு கணினியில் புரியாத குறிகளின் வரிசையாகத் தெரிந்தது. கொம்பும் காலும் இடம்மாறி நிற்கும் எழுத்துகளை மாணவர் முன் வைப்பதைவிடப் படமாக்கிவிடுவது பாதுகாப்பானது என்று அக்காலத்துத் தயாரிப்பாளர்கள் முடிவுசெய்தார்கள். அன்றைய நிலையில் அந்த முடிவு சரி. பிழை என்னவென்றால், காரணம் நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. இன்று உலாவிகளும் கைப்பேசிகளும் தமிழ் ஒருங்குறியைச் செம்மையாகக் காட்டுகின்றன. நோட்டோ போன்ற எழுத்துருக்கள் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. எழுத்துருவைப் பாடத்தோடு சேர்த்தே அனுப்பவும் முடிகிறது.

பழக்கத்தின் இன்னொரு முகம், எழுத்தைப் படமாக்காமல் 'வெளிக்கோடாக' மாற்றுவது. அச்சகங்களில் இது அன்றாடச் செயல். எழுத்துரு இல்லாத கணினியிலும் தோற்றம் மாறாமல் இருக்கும் என்பதற்காக, ஒவ்வோர் எழுத்தும் வளைவுகளாக மாற்றப்படுகிறது. கோப்பு முழுவதும் வெக்டர்தான், பெரிதாக்கினால் சிதறாது. ஆனால் அங்கே 'அ' என்ற எழுத்து இல்லை. 'அ' போன்ற ஒரு வளைவு இருக்கிறது. தேடினால் கிடைக்காது, படி எடுத்து ஒட்ட முடியாது, திரைவாசிப்பானுக்கு அது மௌனம். வெக்டர் என்ற சொல்லே போதும் என்று மகிழ்பவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். இந்தக் கட்டுரை வலியுறுத்துவது இரண்டு பகுதிகளைக் கொண்டது: பலூன் வெக்டர் வடிவமாக இருக்கவேண்டும், அதனுள் இருப்பது எழுத்தாகவே இருக்கவேண்டும். இவற்றுள் ஒன்று மட்டும் நிறைவேறினால் பயன் பாதியாகக்கூட இராது.

அச்சுலகம் இந்தப் பாடத்தைக் கணினிக்கு முன்பே அறிந்திருந்தது. பல மொழிகளில் வெளியாகும் வண்ணப் படநூல்களில், நான்கு வண்ணத் தகடுகளில் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவது பழகிய உத்தி. எழுத்து கறுப்பில் இருப்பதால் மற்ற மூன்று தகடுகளும் எல்லா மொழிகளுக்கும் பொதுவாக நின்றன. சிவகாசியிலிருந்து 1970களில் வெளிவந்த முத்து காமிக்ஸ் பிரிட்டிஷ் படக்கதைகளைத் தமிழில் தந்து, இரும்புக்கை மாயாவியை ஒரு தலைமுறையின் நினைவில் பதித்தபோது, ஆங்கிலத்துக்காக வரையப்பட்ட பலூன்களில்தான் தமிழ் புகுந்தது. நெருக்கடியை அன்றைய தமிழாக்கக்காரர்கள் நன்கறிந்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. பலூன் முன்பே வரையப்பட்ட மை. இன்றைய தயாரிப்பாளருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. உலோகத் தகட்டில் பிரிந்திருந்த படத்தையும் எழுத்தையும் கணினியில் மீண்டும் ஒன்றாக ஒட்டுவது முன்னேற்றம் ஆகாது.

சரியான வரிசை எது என்பதைக் குழந்தைகளுக்கான ஒரு மென்பொருள் காட்டுகிறது. ஸ்கிராச்சில் ஒரு பாத்திரத்தைப் பேசவைக்கும் கட்டளையில் சொற்களை இட்டதும், அது முதலில் எழுத்தை அளக்கிறது. குறித்த அகலத்துக்குள் வரிகளை மடக்குகிறது. அதன்பிறகே பலூனை வரைகிறது. தமிழில் இட்டால் தமிழுக்கேற்ற பலூன். ஒரே சொல்லை இட்டால் சிறு பலூன். பலூனை முதலில் வரைந்து எழுத்தை அதற்குள் அடைப்பது என்ற எண்ணமே அங்கில்லை. பள்ளிச் சிறார் நிரல் பழகும் கருவிக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு, பெருஞ்செலவில் உருவாகும் பாடங்களில் பின்பற்றப்படாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை. படமும் எழுத்தும் பிரிந்திருந்தால் என்ன நிகழும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைப்படமும் கதையெழுத்தும் தனித்தனியாக இருப்பதால்தான், யார் வேண்டுமானாலும் ஒரு கதையைத் தம் மொழிக்குக் கொண்டுசெல்ல முடிகிறது. எழுத்து படத்துக்குள் உருக்கப்பட்டிருந்தால் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஓவியர் தேவைப்பட்டிருப்பார்.

எதிர்வாதங்கள் உள்ளன, அவற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சுருக்கமே பலூனின் உயிர், இடக்கட்டுப்பாடு எழுத்தைச் செறிவாக்குகிறது என்பர் சிலர். செறிவு வேண்டியதுதான். அந்தச் செறிவை எழுதுபவர் பொருளறிந்து செய்யவேண்டும். ஆங்கிலத்தின் அகலம் செய்யும் வெட்டுக்குச் செறிவு என்று பெயரிட முடியாது. 'வந்துவிட்டேன்' என்பதா, 'வந்துட்டேன்' என்பதா என்ற முடிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாத்திரத்தின் வாயில் பேச்சுத்தமிழ் பொருந்துமா, எழுத்துத்தமிழ் பொருந்துமா என்பது இரட்டைவழக்குள்ள ஒரு மொழியில் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிய வினா. பலூனில் ஓர் எழுத்துக்கு இடமில்லை என்பதால் அது தீர்மானிக்கப்படுமானால், மொழிநடை பற்றிய முடிவை அளவுகோலிடம் ஒப்படைத்தவர்களாவோம்.

பலூன் விரிந்தால் ஓவியம் மறையும் என்பது ஓவியர்களின் கவலை. இது உண்மையான கவலை. குறிப்பாக அறிவியல் படங்களில், மறையும் பகுதியே பாடத்தின் மையமாக இருக்கக்கூடும். இதற்கு விடை, பல மொழிகளில் வரப்போகும் காட்சியைத் தொடக்கத்திலேயே இடம்விட்டு வரைவது. பலூனைத் தனி அடுக்கில் வைத்து நகர்த்த இடங்கொடுப்பது. வால்நுனி வாயருகே நிற்கும்வரை பலூனின் உடல் எங்கும் செல்லலாம். கையெழுத்தின் அழகு போய்விடும் என்ற மனக்குறையும் உண்டு. கலைப்படைப்பாக வரையப்படும் படக்கதைக்கு அது பொருந்தும். அங்கே எழுத்தும் ஓவியத்தின் பகுதி. நூற்றுக்கணக்கான பாடங்களில் அச்செழுத்தையே பயன்படுத்தும் மின்பாடத்துக்கு அந்த வாதம் பொருந்தாது.

காலமும் செலவும் கூடும் என்பதே நிர்வாகத்தின் வாதம். முதல் பாடத்துக்குக் கூடும், அதை மறுப்பதற்கில்லை. முனைகளை நகர்த்தும் நிரலை ஒருமுறை எழுதவேண்டும். எழுத்துருக்களை ஒருமுறை சோதிக்கவேண்டும். எஸ்விஜியின் பரவலான பதிப்புகளில் எழுத்து தானாக மடங்குவதில்லை என்பதால் வரிமடக்குதலுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். ஆனால் இந்தச் செலவு ஒருமுறை நேர்வது. படமாக்கும் முறையின் செலவு ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு திருத்தத்திலும் திரும்பத் திரும்ப நேர்வது. ஒரு பாடத்தில் 40 பலூன்கள் இருந்து, அது 10 மொழிகளுக்குச் செல்லுமானால் 400 படங்கள். பாடத்தில் ஒரு கலைச்சொல் மாறினால் எத்தனை படங்களைத் திறக்கவேண்டும் என்பதை நிதி ஒதுக்குபவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எழுத்து எண்ணிக்கை வரம்பு என்ற இன்னொரு வழக்கமும் மறுஆய்வுக்கு உரியது. மொழியாக்க அட்டவணைகளில் ஒவ்வொரு பலூனுக்கும் இத்தனை குறிகள் என்று வரம்பிடுவதுண்டு. 'சொல்லுங்கள்' என்ற சொல்லில் தமிழர் காண்பது ஆறு எழுத்துகள். ஒருங்குறியில் அது 11 குறிகள். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், திரையில் இடமிருக்கும்போதே வரம்பு மீறப்பட்டதாக அட்டவணை சிவப்புக் காட்டும். ஆங்கிலத்துக்கு ஓரளவு பொருந்தும் அளவுகோல் தமிழுக்கோ பிற இந்திய மொழிகளுக்கோ பொருந்துவதில்லை. அகலத்தை அளக்கவேண்டுமானால் எழுத்துருவில் இட்டு அளக்கவேண்டும், குறிகளை எண்ணக்கூடாது.

இவை எல்லாவற்றையும்விட அழுத்தமான காரணம் ஒன்று உண்டு. பார்வைத்திறன் குறைந்த மாணவர் ஒருவர் எழுத்து உருக்கப்பட்ட படக்கதையைத் திறந்தால், அவருடைய திரைவாசிப்பான் 'படம்' என்று மட்டும் சொல்லி நிற்கும். தமிழைப் படித்துக்காட்டும் குரல்கள் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றன. படிக்க எழுத்துதான் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அணுக்கமான பாடம் என்பது அதன்பின் நல்லெண்ணத்தின் வெளிப்பாடாக மட்டும் நின்றுவிடக் கூடாது. பலூனில் எழுத்து எழுத்தாகவே இருந்து, கோப்பில் பலூன்கள் பேச்சு நிகழும் வரிசையிலேயே அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் பேசுபவரின் பெயரும் குறிக்கப்பட்டிருந்தால், கண்ணுக்கு வால் செய்யும் வேலையைக் காதுக்கு அந்தப் பெயர் செய்துவிடும். அதே எழுத்து ஆய்வாளருக்கும் பயன்படும். பலூனுக்குள் இருப்பது எழுத்தில் பதிவான உரையாடல். விளிவடிவங்கள், ஏவல்கள், வியப்புச்சொற்கள் ஆகியவை செறிந்த தரவு. தமிழில் அத்தகைய தரவுத்தொகுப்புகளுக்குத் தேவை இருக்கும்போது, நாமே தயாரிக்கும் உரையாடல்களைப் படங்களுக்குள் பூட்டிவைப்பது அறிவுடைமையாகாது.

செய்யவேண்டியவை எளியவை. பல்கலைக்கழகங்களின் மின்பாடப் பிரிவுகளும் நிதி வழங்கும் அமைப்புகளும் தம் ஒப்பந்த நிபந்தனைகளில் மூன்று வரிகளைச் சேர்க்கலாம். பலூன் திருத்தத்தக்க வெக்டர் வடிவமாக ஒப்படைக்கப்படவேண்டும். அதனுள் உள்ள உரை ஒருங்குறி எழுத்தாக இருக்கவேண்டும். முதல் மாதிரிப் பாடம் ஆங்கிலத்தில் மட்டும் சரிபார்க்கப்படாமல், நீண்ட சொற்களுள்ள ஒரு மொழியிலும் வலமிருந்து இடமாக எழுதப்படும் ஒரு மொழியிலும் சோதிக்கப்படவேண்டும். மூன்றாவது நிபந்தனையே முதன்மையானது. தமிழிலோ மலையாளத்திலோ முதலில் பொருத்திப் பார்த்த பலூனில் ஆங்கிலம் வசதியாக உட்காரும். தலைகீழாகச் செய்தால் உட்காராது. மொழியாக்கத்தைச் சரிபார்ப்பவர்களிடம், பொருள் வந்துவிட்டதா என்ற கேள்வியோடு, இடமின்மையால் எந்தச் சொல்லாவது விடப்பட்டதா என்ற கேள்வியையும் கேட்கவேண்டும்.

மொழியியல் துறையினர் இவற்றை மென்பொருள்காரர்களின் பாடு என்று விலகி நிற்பது வழக்கம். அந்த முதிய உழவரிடம் மாணவி 'சொல்லுங்கள்' என்பாளா, 'சொல்' என்பாளா என்பது மென்பொருள்காரர் விடையளிக்கக்கூடிய கேள்வியன்று. அவருக்குத் தெரிந்தது முனைப்புள்ளியை நகர்த்தும் வழி. எதற்காக நகர்த்தவேண்டும் என்பதை மொழியறிந்தவர்தான் சொல்லவேண்டும். பாடம் வெளியான பிறகு அல்ல, முதல் பலூன் வரையப்படும் நாளிலேயே சொல்லவேண்டும்.